அரச ஒப்பந்தங்களில் போரால் உறுப்பிழந்தோர்

போரில் காயப்பட்டு நிரந்தர உடலியலாமைக்கு உள்ளான முன்னாள் படையினர் நடத்தும் சிறுதொழில்களுக்கு, அரசு வாங்கும் பொருட்களிலும் கொடுக்கும் வேலைகளிலும் ஒரு பங்கை ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு. ஐக்கிய அமெரிக்காவில் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இது தனி வடிவம் பெற்றது. பிரித்தானியா, இந்தியா, தென்னாபிரிக்கா ஆகிய நாடுகளில் வேறு உருவங்களில் இருந்திருக்கிறது. இருபத்தாறு ஆண்டு உள்நாட்டுப் போரைக் கண்ட இலங்கையில் இதற்கெனத் தனிச் சட்டம் எழவில்லை. ஆனாலும் இதைக் கட்டியெழுப்பத் தேவையான சட்டப் பிடிமானங்களும் நடைமுறைகளும் தனித்தனியே இங்கு இருக்கின்றன. அவற்றுள் ஒன்று இலங்கை பிற நாடுகளுக்குக் கற்றுக்கொடுத்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மராட்சியையும் அதன் நகரான சாவகச்சேரியையும் முன்வைத்து அந்த வரலாறு இங்கே தரப்படுகிறது.

மறுவாழ்வுத் திட்டங்கள் பெரும்பாலும் கருவியையும் கடனையும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். தையல் இயந்திரம் கொடுக்க ஆள் உண்டு. தைத்ததை வாங்கத்தான் ஆள் இல்லை. எந்த நாட்டிலும் ஆகப் பெரிய வாடிக்கையாளர் அரசுதான். வளர்ச்சியடைந்த நாடுகளில் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு அரச கொள்முதலாகவே செலவாகிறது. பாடசாலைக் கதிரை, வைத்தியசாலைப் படுக்கை விரிப்பு, அலுவலகக் கோவை, அச்சு வேலை, வாய்க்கால் துப்புரவு என அது விரியும். இந்தச் செலவு எப்படியும் நடக்கப்போவது. அதில் ஒரு சிறு பங்கைப் போரால் பாதிக்கப்பட்டவரின் கடைப்பக்கம் திருப்பினால் நன்கொடை தேவையில்லை என்பதே இம்முறையின் அடிப்படை.

மன்னரின் பட்டியலும் பூவரசம்பூவும்

அரசின் கொள்முதல் பலத்தைக் காயப்பட்ட படையினருக்காகப் பயன்படுத்தும் எண்ணம் முதலாம் உலகப் போரின் விளைவு. 1919 செப்டெம்பரில் பிரித்தானியா 'மன்னரின் தேசியப் பட்டியல்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. மான்செஸ்டர் நகரத் தொழிலதிபர் ஹென்றி ரொத்பாண்ட் முன்வைத்த யோசனை அது. தம் தொழிலாளரில் 5 வீதத்தினரை உடலியலாமையுள்ள முன்னாள் படையினராக வைத்திருக்கும் நிறுவனங்கள் பட்டியலில் ஏறும். பட்டியலின் முத்திரையைத் தம் கடிதத்தாளில் பொறித்துக்கொள்ளலாம். முத்திரைக்காக மட்டும் எந்த முதலாளி ஆள் எடுப்பான்? அரச திணைக்களங்கள் தம் ஒப்பந்தங்களைப் பட்டியலில் உள்ளவர்களுக்கே கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் திட்டத்துக்குப் பல் முளைத்தது.

இங்கு காயப்பட்டவர் தொழிலாளியாகவே இருந்தார், முதலாளியாக இல்லை. 1944ஆம் ஆண்டின் உடலியலாமையுள்ளோர் வேலைவாய்ப்புச் சட்டமும் அதே பாதையில் போனது. இருபதும் அதற்கு மேலும் ஆட்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் 3 வீதத்தை ஒதுக்க வேண்டும் என்றது. அச்சட்டத்தின் கீழ் உருவான றெம்ப்ளோய் என்ற அரச நிறுவனம் 1946இல் வேல்சின் பிரிட்ஜெண்டில் முதல் தொழிற்சாலையைத் திறந்தது. அரச திணைக்களங்களின் வாங்கல்களை நம்பியே அதன் தொழிற்சாலைகளில் பல ஓடின. கடைசித் தொழிற்சாலைகள் 2013இல் மூடப்பட்டன.

காலனியாக இருந்த இலங்கைக்கு இதில் வந்து சேர்ந்தது பொப்பி மலர்தான். ஒவ்வொரு நவம்பர் 11ஆம் திகதியும் போர் நினைவாக இங்கு பொப்பி விற்கப்பட்டது. திரண்ட பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குப் போனது. இலங்கை முன்னாள் படைவீரர் சங்கத்தைச் சேர்ந்த ஏலியன் பெரேரா இதை எதிர்த்து, 1931இல் பொப்பிக்குப் போட்டியாக உள்ளூர்ப் பூவரசம்பூவை விற்கும் 'சூரியமல்' இயக்கத்தைத் தொடங்கினார். பணம் இலங்கை முன்னாள் படையினருக்கே பயன்பட வேண்டும் என்பது அவரது கோரிக்கை. இரண்டொரு ஆண்டுகளில் இயக்கம் இடதுசாரிகளின் கைக்கு மாறி, ஏகாதிபத்திய எதிர்ப்புக்குக் கொடியானது. இலங்கை அரசியல் வரலாற்றில் சூரியமல் பேசப்படுவது அந்தப் பிற்பகுதிக்காகத்தான். காயப்பட்ட உள்ளூர்க்காரனின் பிழைப்புக்கு உள்ளூர்ப் பணம் போக வேண்டும் என்ற அதன் தொடக்க வாதம் அதில் மறைந்துபோயிற்று. இக்கட்டுரைப் பொருளுக்கு அந்தத் தொடக்கமே முக்கியம்.

அமெரிக்கச் சட்டம்

உள்நாட்டுப் போரின் முடிவில், 1865 மார்ச் 3ஆம் திகதி, காயத்தாலோ நோயாலோ படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுக்கு அரச வேலைகளில் முன்னுரிமை தரும் தீர்மானத்தை அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றியது. வேலையிலிருந்து வியாபாரத்துக்கு வர நூறாண்டுக்கு மேலாயிற்று. இடையில் பார்வையற்றோருக்கு இரு சட்டங்கள் வந்தன. 1936ஆம் ஆண்டின் றன்டொல்ப்-ஷெப்பர்ட் சட்டம் அரச கட்டடங்களுக்குள் கடை நடத்தும் உரிமையைக் கொடுத்தது. 1938ஆம் ஆண்டின் வாக்னர்-ஓடே சட்டம் பார்வையற்றோரின் பட்டறைகளில் செய்த துடைப்பம், தூரிகை போன்றவற்றைக் கூட்டாட்சி அரசு வாங்க வழிசெய்தது.

1999இல் வந்த முன்னாள் படையினர் தொழில்முனைவுச் சட்டம், கூட்டாட்சி அரசின் பிரதான ஒப்பந்தப் பெறுமதியில் 3 வீதமாவது சேவைக்காலத்தில் உடலியலாமைக்கு உள்ளானவர்களின் சிறுதொழில்களுக்குப் போக வேண்டும் என்று இலக்கு வைத்தது. இலக்குத்தான், கட்டாயம் இல்லை. அதனால் சில ஆண்டுகள் ஒன்றும் நகரவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டமே திணைக்களங்களுக்கு உண்மையான அதிகாரம் கொடுத்தது: குறித்த ஒப்பந்தத்தை இவர்களுக்குள் மட்டும் போட்டிக்கு விடலாம், சில வேளைகளில் போட்டியின்றியே ஒருவருக்கு வழங்கலாம். 2004 ஒக்டோபரில் ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் பிறப்பித்த ஆணை ஒவ்வொரு திணைக்களமும் இதற்கு ஒரு திட்டம் வகுக்க வேண்டும் என்றது. இத்தனைக்குப் பிறகும் 3 வீத இலக்கு முதன்முதலில் எட்டப்பட்டது 2012 நிதியாண்டில்.

யார் தகுதியானவர் என்பதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. தொழிலின் 51 வீத உரிமையும் நிர்வாகக் கட்டுப்பாடும் அவரிடம் இருக்க வேண்டும். காயத்தின் அளவுக்குக் கீழெல்லை கிடையாது. முற்றாக இயங்க முடியாதவர் என்றால் துணைவரோ நிரந்தரமாகப் பராமரிப்பவரோ தொழிலை நிர்வகிக்கலாம். இந்தக் கடைசி விதி சிந்தித்து எழுதப்பட்டது. கழுத்துக்குக் கீழ் உணர்விழந்தவரிடம் 'நீயே கையொப்பமிட்டு நீயே நடத்து' என்று கேட்பது சலுகையை ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பதாகும்.

ஒதுக்கீடு இருக்கும் இடத்தில் பினாமியும் இருப்பான். ஒப்பந்தகாரர் தாமே தம்மைத் தகுதியானவர் என்று அறிவித்துக்கொள்ளலாம் என்றிருந்த காலத்தில், பெரிய நிறுவனங்கள் ஒரு முன்னாள் படைவீரரின் பெயரை முன்னே நிறுத்திப் பின்னால் நின்று வேலையை எடுத்தன. 2009இல் அமெரிக்க அரச பொறுப்புடைமை அலுவலகம் தகுதியற்ற பத்து நிறுவனங்களை எடுத்து ஆராய்ந்தது. அந்தப் பத்துக்கும் மட்டும் ஏறத்தாழ 10 கோடி டொலர் ஒப்பந்தம் போயிருந்தது. கூட்டாட்சி அளவில் சான்றளிக்கும் பொறுப்பு 2023 ஜனவரி 1 முதல் சிறுதொழில் நிர்வாகத்தின் கையில் இருக்கிறது.

நீதிமன்றத்துக்கும் விடயம் போனது. முன்னாள் படையினர் விவகாரத் திணைக்களத்துக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டம் தனியொரு விதியை வைத்திருந்தது. தகுதியுள்ள இரண்டு நிறுவனங்களாவது நியாய விலையில் விண்ணப்பிக்கும் என்று எதிர்பார்க்க முடிந்தால் போட்டியை அவர்களுக்குள் மட்டுப்படுத்த வேண்டும் என்பது அது. ஆண்டு இலக்கை எட்டிவிட்டால் அதற்குமேல் இந்த விதி தம்மைக் கட்டாது என்று திணைக்களம் வாதிட்டது. கிங்டம்வெயார் டெக்னோலஜீஸ் வழக்கில் 2016 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த வாதத்தைத் தள்ளியது. 'வேண்டும்' என்று சட்டத்தில் எழுதியிருந்தால் அது ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் பொருந்தும் என்பதே தீர்ப்பு. 2024 நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டம் அரசு முழுவதற்குமான இலக்கை 3இலிருந்து 5 வீதமாக உயர்த்தியது.

இந்தியாவும் தென்னாபிரிக்காவும்

முதலாம் உலகப் போரில் உறுப்பிழந்த இந்தியச் சிப்பாய்களுக்குத் தொழில் கற்பிக்க 1917இல் தொடங்கிய குயீன் மேரி தொழில்நுட்ப நிறுவனம் புனேயின் கட்கியில் இன்றும் இயங்குகிறது. சுதந்திர இந்தியாவில் பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள மீள்குடியமர்வு இயக்குநரகம் முன்னாள் படையினரின் காவல் நிறுவனங்களைப் பட்டியலிட்டுப் பொதுத்துறை நிறுவனங்களுக்குப் பரிந்துரைக்கிறது. நிலக்கரி ஏற்றி இறக்கும் ஒப்பந்தங்கள், பால் சாவடிகள், பெட்ரோல் நிலையங்கள், எரிவாயு முகவர் நிலையங்கள் என ஒதுக்கீடுகள் விரிந்தன. நிலக்கரி ஏற்றும் டிப்பர் லொறித் திட்டம் போர் விதவைகளையும் காயப்பட்ட படையினரையும் குறிவைத்தது. அவர்கள் பணம் முதலிட்டால் லொறியை முன்னாள் படையினரின் நிறுவனம் ஓட்டும். மாதம் ஒரு தொகை வீடு வரும். வருமானம் உண்டு, தொழில் கைக்கு வருவதில்லை. கார்கில் போருக்குப் பின் பெட்ரோல் நிலையங்கள் உயிரிழந்தோர் குடும்பங்களுக்கு ஒதுக்கப்பட்டதை நாளிதழ் வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். தமிழ்நாட்டில் 1986இல் உருவான டெக்ஸ்கோ என்ற முன்னாள் படைவீரர் கழகம் அரச அலுவலகங்களுக்குக் காவலர்களையும் சாரதிகளையும் அனுப்புகிறது. ஆனால் இந்திய அரசின் 2012ஆம் ஆண்டுச் சிறுதொழில் கொள்முதல் ஆணையில், தலித், பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் உள்ஒதுக்கீடு இருப்பது போல முன்னாள் படையினருக்கு எதுவும் இல்லை.

தென்னாபிரிக்காவின் அனுபவம் இலங்கையர் ஊன்றிப் பார்க்க வேண்டியது. அந்நாட்டின் 2011ஆம் ஆண்டு இராணுவ முன்னாள் வீரர் சட்டம், நிறவெறி அரசின் படையில் இருந்தவரையும் அதே அரசை எதிர்த்துத் தலைமறைவுப் படைகளில் போராடியவரையும் ஒரே வரைவிலக்கணத்துக்குள் கொண்டுவந்தது. 2017ஆம் ஆண்டின் முன்னுரிமைக் கொள்முதல் விதிகள் கறுப்பின முன்னாள் வீரர்கள் 51 வீதம் உரிமைகொண்ட தொழில்களை, உடலியலாமையுள்ளோரின் தொழில்களுக்குப் பக்கத்தில் வைத்து, பெரிய ஒப்பந்தங்களில் துணை ஒப்பந்தம் பெறக்கூடியோர் வரிசையில் சேர்த்தன. அமைச்சர் தம் அதிகார எல்லையைத் தாண்டிவிட்டார் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2022இல் சொன்னதால் அவ்விதிகள் வீழ்ந்தன. விதி போனாலும் வரைவிலக்கணம் நிற்கிறது.

இலங்கையில் சட்டநிலை

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12(4) உறுப்புரை, பெண்கள், சிறுவர், உடலியலாமையுள்ளோர் ஆகியோரின் முன்னேற்றத்துக்காகச் சட்டத்தாலோ துணைச் சட்டத்தாலோ ஆட்சித்துறை நடவடிக்கையாலோ விசேட ஏற்பாடு செய்வதைச் சமத்துவ உரிமை தடுக்காது என்கிறது. தென்னாபிரிக்க விதிகள் எந்த இடத்தில் சறுக்கினவோ அந்த இடத்தில் இலங்கை அரசியலமைப்பு கைப்பிடி வைத்திருக்கிறது. பாராளுமன்றம் வரை போகத் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

அப்படியொரு சுற்றறிக்கை வேலைவாய்ப்புக்கு வந்தும் இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் ஏற்படும் வெற்றிடங்களில் 3 வீதத்தை உடலியலாமையுள்ளோருக்கு ஒதுக்கியது. (பிரித்தானியா, அமெரிக்கா, இலங்கை எங்கும் இந்த 3 வீதம் வந்து நிற்பதைப் பார்த்தால் அந்த எண்ணுக்கு ஏதோ ராசி இருக்க வேண்டும்.) 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தொழிலிலும் கல்வியிலும் பாரபட்சத்தைத் தடைசெய்தது. 2016 பெப்ரவரியில் உடலியலாமையுள்ளோர் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை ஏற்றுறுதி செய்தது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், அதாவது 8.7 வீதத்தினர், ஏதோவொரு செயற்பாட்டுச் சிரமத்துடன் வாழ்ந்தனர்.

கொள்முதல் பக்கம், அதாவது அரச ஆவணங்கள் 'பெறுகை' என்று சொல்லும் பக்கம், வேறு உலகம். 2006ஆம் ஆண்டுப் பெறுகை வழிகாட்டி உள்நாட்டுப் பொருட்களுக்கும் உள்நாட்டு ஒப்பந்தகாரருக்கும் விலைச் சலுகை கொடுத்தது. போரால் பாதிக்கப்பட்டவர், உடலியலாமையுள்ளவர் என்ற பிரிவுகள் அதில் இல்லை. தேசிய பெறுகை ஆணைக்குழு 2015இல் 19ஆவது திருத்தத்தால் பிறந்து, 2020இல் 20ஆவது திருத்தத்தால் இறந்து, 2022இல் 21ஆவது திருத்தத்தால் மீண்டும் உயிர்பெற்றது. வழிகாட்டிகளைத் திருத்த வேண்டிய நிறுவனத்தின் கதியே இப்படி இருந்தால் சிறு ஒப்பந்தகாரரைப் பற்றிச் சிந்திக்க யாருக்கு நேரம்?

இரு தரப்புக் காயங்கள்

அரச படைகளில் காயப்பட்டவர்களுக்கு இலங்கை தேர்ந்தெடுத்த வழி சம்பளமும் பராமரிப்பும். 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் ரணவிரு சேவா அதிகாரசபை அமைந்தது. ராகமையில் ரணவிரு செவன, அநுராதபுரத்தில் அபிமன்சல போன்ற நிலையங்கள் எழுந்தன. யக்கலையில் இராணுவத்தின் ஆடைத் தொழிற்சாலையில் காயப்பட்ட படையினர் சீருடை தைக்கும் வேலையில் அமர்த்தப்பட்டனர். மன்னரின் பட்டியல் காலத்துத் தருக்கம்தான் இது: வாங்குவது அரசு, செய்வது காயப்பட்டவர், முதலாளியும் அரசு. 2006இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ் தொடங்கிய ரக்ன ஆரக்ஷக லங்கா நிறுவனம் முன்னாள் படையினரைக் கொண்டு அரச நிறுவனங்களுக்குக் காவல் சேவை வழங்கியது. அதுவும் தனியொருவரின் சிறுதொழில் அல்ல. சம்பள வழியும் எல்லோரையும் காப்பாற்றவில்லை. பன்னிரண்டு ஆண்டுச் சேவை நிறைவடையும் முன்னர் காயத்தால் விலகியவர்கள் ஓய்வூதியம் கேட்டு 2016 நவம்பரில் கொழும்பில் வீதிக்கு இறங்க வேண்டியிருந்தது.

மறுதரப்பில் காயப்பட்டோர் கதை வேறு. வன்னியில் விடுதலைப் புலிகளின் நிர்வாகம் இருந்த காலத்தில் உறுப்பிழந்த போராளிகளுக்கு நவம் அறிவுக்கூடமும், செயற்கைக் கால் கைகளுக்கு வெண்புறா நிறுவனமும் இயங்கின. 2009 மே மாதத்தோடு அவை இல்லாமற்போயின. போரின் முடிவில் சரணடைந்தோரும் பிடிபட்டோருமாக ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு ஆணையாளர் நாயகத்தின் முகாம்களுக்குள் போய் வெளியே வந்தனர். தச்சு, தையல், மின்னிணைப்பு, கணினி என்று பயிற்சிச் சான்றிதழ் கையில் இருந்தது. 1987இல் அமைந்த புனர்வாழ்வு அதிகாரசபை வழியாக அரச வங்கியில் குறைந்த வட்டிக் கடனும் கிடைத்தது. வாங்க ஆள் கிடைக்கவில்லை. முன்னாள் போராளி என்ற பெயருக்கு அஞ்சி அயலவரே தள்ளி நின்ற காலம் அது. அரசு பெருமளவில் அவர்களுக்கு வேலை கொடுத்த ஒரேயொரு இடம் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் வன்னிப் பண்ணைகளும் முன்பள்ளிகளும். சம்பளம் ஒழுங்காக வந்தது உண்மை. பாதுகாப்பு அமைச்சின் ஊழியராக இருப்பதே அதற்கு விலை என்பதும் உண்மை.

இந்த இரு தரப்பாரையும் ஒரே வரைவிலக்கணத்துக்குள் கொண்டுவரும் துணிச்சல் இலங்கையில் எந்த அரசாங்கத்துக்கும் வரவில்லை. வர வேண்டிய தேவையும் கொள்முதலைப் பொறுத்தவரை இல்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. 12(4) உறுப்புரை காயம் எந்தச் சீருடையில் பட்டது என்று கேட்பதில்லை. உடலியலாமை ஒன்றே அளவுகோலானால் கண்ணிவெடியில் கால் இழந்த தோட்டக்காரரும், முன்னாள் போராளியும், பல்லேகலையில் வாழும் முன்னாள் சிப்பாயும் ஒரே வரிசையில் நிற்பார்கள். அமெரிக்க மாதிரியை அப்படியே கொண்டுவந்தால் வடக்கில் ஒருவருக்கும் பயனில்லை. தென்னாபிரிக்க வரைவிலக்கணத்தைக் கேட்டால் தெற்கில் வாதம் எழும். உடலியலாமை வழியே நடைமுறைக்கு ஒத்துவரும்.

சமூக ஒப்பந்தம்

இலங்கை பிற நாடுகளுக்குக் கற்றுக்கொடுத்தது என்று முன்னர் சொன்னது சமூக ஒப்பந்த முறையைத்தான். பிரதமராக இருந்த ஆர். பிரேமதாசவின் பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் 1984இல் தொடங்கியது. சேரிப் பகுதிகளில் வடிகால், கிணறு, மலசலகூடம் கட்டும் வேலையை வெளி ஒப்பந்தகாரருக்குக் கொடுக்காமல் அங்கு வசிப்போரின் சங்கத்துக்கே தேசிய வீடமைப்பு அதிகாரசபை கொடுத்துப் பார்த்தது. கேள்விப்பத்திரமும் பிணைவைப்பும் இன்றி, மதிப்பீட்டுத் தொகையை முற்பணமாகவும் கட்டங்கட்டமாகவும் கொடுக்கும் முறை. தன் வீட்டு வாசலில் ஓடப்போகும் வாய்க்காலில் மணலைக் கூட்டி சீமெந்தைக் குறைக்க யாருக்கும் மனம் வராது என்பது அதன் பலம். ஐ.நா. வாழிடத் திட்டம் இதைப் பின்னர் பல நாடுகளுக்குக் கொண்டுசென்றது. இலங்கைப் பெறுகை வழிகாட்டியிலும் சமூகப் பங்கேற்பு என்ற பிரிவாக அது இடம்பிடித்தது. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் போன்றவற்றுக்குக் குறித்த பெறுமதி எல்லைக்குள் ஒழுங்கை போடவும் மதகு கட்டவும் பிரதேச செயலகம் நேரடியாகக் கொடுப்பது இந்த வழியில்தான்.

உடலியலாமையுள்ளோரின் சங்கங்களும் பதிவுபெற்ற சமூக அமைப்புகளே. அவை கூட்டாகத் தளபாடம் செய்தாலோ சீருடை தைத்தாலோ இதே கதவு திறக்கலாம். கட்டட வேலைக்கே பழகிப்போன கதவு என்பதால் எவரும் அதைப் பொருள் வழங்கலுக்குத் தட்டிப் பார்ப்பது அரிது.

தென்மராட்சி

கண்டி வீதியும் ரயில் பாதையும் ஊடறுக்கும் தென்மராட்சி, குடாநாட்டின் வாசல். வாசலில் இருந்ததன் விலையை அது மூன்று முறை கொடுத்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் குடாநாட்டின் இன்னொரு பிரிவான வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து ஒரே இரவில் இங்கே வந்து குவிந்தது. 1996 ஏப்ரலில் இராணுவம் தென்மராட்சியைக் கைப்பற்றியது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு இராணுவத் தளம் வீழ்ந்த பின், மே மாதம் சாவகச்சேரி புலிகள் கைக்கு வந்து, செப்டெம்பரில் மீண்டும் இராணுவத்திடம் போனது. அந்த நான்கு மாதங்களில் சந்தை, பாடசாலை, வைத்தியசாலை என்று நகரத்தில் கூரையோடு நின்ற கட்டடங்கள் அரிது. கிளாலியிலிருந்து முகமாலை ஊடாக நாகர்கோவில் வரை ஓடிய முன்னரங்க வரிசை நாட்டின் மிக அடர்ந்த கண்ணிவெடி நிலங்களில் ஒன்றை விட்டுச் சென்றது. எழுதுமட்டுவாள், மிருசுவில் பக்கத்தில் விறகுக்கும் மாட்டுக்கும் போய்க் கால் இழந்தவர்கள் எந்தப் படையிலும் இருந்தவர்கள் அல்லர். கண்ணிவெடித் தடைச் சமவாயத்தில் இலங்கை சேர்ந்தது 2017 டிசெம்பரில். 1987இல் தொடங்கிய யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிறுவனம் செயற்கைக் காலோடு தொழில் உதவியும் கொடுத்துவந்திருக்கிறது. தென்மராட்சியின் மேற்கு முனையான கைதடியில் 1956 முதல் செவிப்புலன், பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான நவீல்ட் பாடசாலை இயங்குகிறது. 2013இல் தெரிவான வடமாகாண சபையும் கைதடியிலேயே கூடியது. ஒரே ஊரில் பேரவையும் பாடசாலையும். அந்தப் பேரவைக்கோ பெறுகை விதியை மாற்றும் அதிகாரம் இருக்கவில்லை. கொழும்பின் வழிகாட்டியே அதையும் கட்டியது.

போருக்குப் பின் வடக்கில் ஓடிய பெரும் பணம் உள்ளூர்ச் சிறுதொழிலுக்கு எட்டாத உயரத்தில் ஓடியது. கொடிகாமம், மீசாலை, சாவகச்சேரி ஊடாகப் போகும் ரயில் பாதையை இந்தியக் கடனில் இந்தியப் பொதுத்துறை நிறுவனமான இர்கொன் மீளமைத்தது. பளையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி ரயில் ஓடியது. கடன் கொடுத்தவர் நாட்டு நிறுவனமே கட்டும் என்பது அவ்வகைக் கடன்களின் நிபந்தனை. உள்நாட்டு ஒதுக்கீடு இருந்திருந்தாலும் அங்கே செல்லுபடியாகியிராது. இந்தியாவின் 50,000 வீட்டுத் திட்டம் இதற்கு நேர்மாறு. 2012 ஒக்டோபர் முதல் வீட்டுக்கு 5,50,000 ரூபா பயனாளியின் கணக்குக்கே கட்டங்கட்டமாகப் போனது. மேசனையும் தச்சரையும் தேர்ந்தெடுத்தவர் வீட்டுக்காரர். தென்மராட்சித் தச்சுப் பட்டறைகளுக்குக் கதவும் யன்னலுமாக வேலை வந்தது அந்த ஆண்டுகளில்தான். எந்த ஒதுக்கீடும் இன்றியே சிறியவனுக்கு வேலை போய்ச் சேர்ந்தது. வேலையைத் துண்டுதுண்டாகப் பிரித்ததும் கட்டுக்காசு கேட்காததும் முற்பணம் கொடுத்ததும் அதற்குக் காரணங்கள்.

அரச கொந்தராத்தில் இந்த மூன்றும் தலைகீழ். கட்டட வேலை என்றால் 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையின் தரப் பதிவு வேண்டும். 50 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட கேள்விக்கு 1987ஆம் ஆண்டின் அரச ஒப்பந்தங்கள் சட்டப்படி தனிப் பதிவு. பிறகு கேள்விப் பிணை, நிறைவேற்றப் பிணை. வங்கி உத்தரவாதத்துக்கு வைப்புப் பணமோ காணி உறுதியோ கேட்கும். காணி உறுதி இடப்பெயர்வில் தொலைந்தவர்களிடம்தான் இதைக் கேட்கிறார்கள். எல்லாம் கடந்து வேலையை முடித்தாலும் காசோலை வர மாதங்கள் ஆகும். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் பெரிய ஒப்பந்தகாரர்களே நிலுவைக்காகக் கையேந்தி நின்றார்கள். இரும்புக் கடையில் கடன் சொல்லித் தகரம் எடுத்த சக்கர நாற்காலிக்காரர் ஆறு மாதம் தாங்கமாட்டார். ஆகவே இங்கு வேண்டியது 3 வீதமா 5 வீதமா என்ற விவாதத்துக்கு முன், சிறு கேள்விகளுக்குப் பிணை விலக்கும், முற்பணமும், முப்பது நாளில் கொடுப்பனவும். இவை இல்லாத ஒதுக்கீடு பினாமிக்கே போகும். அமெரிக்காவின் 2009ஆம் ஆண்டு அறிக்கை அதைக் காட்டிவிட்டது.

சர்வதேச நாணய நிதியம் 2023 செப்டெம்பரில் வெளியிட்ட ஆளுகை ஆய்வறிக்கை, பொதுப் பெறுகைக்கு இலங்கை தனிச் சட்டம் இயற்ற வேண்டும் என்றது. உடலியலாமையுள்ளோரின் தொழில்களுக்கு ஒரு பிரிவைச் சேர்க்க அந்தச் சட்டமே இயல்பான இடம். நகரசபைச் சந்தைக் கடைகள், பேருந்து நிலையச் சிற்றுண்டிச்சாலை, வைத்தியசாலை வளாகக் கடை ஆகியவற்றின் குத்தகையில் அமெரிக்காவின் 1936ஆம் ஆண்டு முறையைப் பின்பற்ற உள்ளூராட்சி மன்றத் தீர்மானமும் மாகாண நிர்வாகத்தின் இணக்கமும் இருந்தால் தொடங்கலாம்.

சட்டம் வரும்வரை திறந்திருப்பது சிறு விலைமனு வழி. நகரசபை, பிரதேச சபை, பிரதேச செயலகம், வலயக் கல்வி அலுவலகம், ஆதார வைத்தியசாலை ஆகியவை சிறு தொகைக் கொள்வனவுகளுக்குப் பகிரங்கக் கேள்வி கோருவதில்லை. தம் வழங்குநர் பட்டியலில் உள்ளவர்களிடமிருந்தே விலைமனு பெறுகின்றன. அடுத்த ஆண்டுக்கான வழங்குநர் பதிவுக்கு ஆண்டு முடியும் தறுவாயில் பத்திரிகைகளிலும் அலுவலக அறிவித்தற் பலகைகளிலும் விளம்பரம் வரும். வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழும் சிறு பதிவுக் கட்டணமும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு விலைமனுக் கடிதம் போகாது.